கிறிஸ்தவ ராக் மேடைகளில் நம்பிக்கை எவ்வளவு, வியாபாரம் எவ்வளவு?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: அமெரிக்காவில் கிறிஸ்தவ ராக் குழுக்களின் கச்சேரிகளுக்குப் போய்ச் செய்தி எழுதியவர்கள் யாராவது இருந்தால், அந்த மேடையில் நிற்பவர்கள் நிஜமாகவே நம்பித்தான் பாடினார்களா, இல்லை அதுவும் ஒரு வியாபாரமா என்று சொல்ல முடியுமா? இதற்குள்ளேயே இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. பக்தியோடு பாடப்படும் பாட்டை ஒரு விமர்சகன் எதை வைத்து எடைபோடுவது, எடைபோட அவனுக்கு உரிமை உண்டா என்பது அது. இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னால் அது அரைகுறையாகத்தான் இருக்கும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. பாளையங்கோட்டையில் ஊசிக்கோபுரக் கோயில் கொயரில் பாடி வளர்ந்தவன். படிப்புக்காக இல்லினாய் மாநிலத்துக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டேன். சிகாகோ வட்டாரத்துச் சிறு இசைப் பத்திரிகைகளில் தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் எழுதினேன். பைபிள் தெரிந்த ஆள் என்பதால் கிறிஸ்தவக் குழுக்களை ஆசிரியர்கள் என்னிடம் தள்ளிவிட்டார்கள். போகப் போக நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஆனால் நான் எழுதியது பெரும்பாலும் வெள்ளையர்களின் ராக்கும் ஃபோக்கும்தான். அதே சிகாகோவில், பில்கிரிம் பாப்டிஸ்ட் சபையில், 1930களில் தாமஸ் டார்சி வளர்த்தெடுத்த கறுப்பினத்தவரின் காஸ்பெல் என்ற சபைப் பாட்டு மரபு இதைவிடப் பழையது, ஆழமானது. அதைப் பற்றிப் பேச அந்தச் சபைகளுக்குள் வளர்ந்தவர்களே தகுந்தவர்கள். அதனால் நான் கீழே சொல்வதை ராக் பக்கத்துக்கு மட்டும் பொருத்திக்கொள்ளுங்கள்.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயங்கள். இந்த இசை எந்தக் கம்பெனியின் திட்டத்திலும் பிறக்கவில்லை. 1960களின் கடைசியில் கலிஃபோர்னியாவில் ஹிப்பி இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகக் கிறிஸ்தவத்துக்கு வந்தார்கள். கோஸ்டா மெசாவில் சக் ஸ்மித் என்ற போதகரின் கால்வரி சேப்பல் சபை, நீண்ட முடியோடும் வெறுங்காலோடும் வந்தவர்களை அப்படியே உள்ளே விட்டது. அவர்கள் கையில் கிடார் இருந்தது, தெரிந்த இசை ராக். அதில்தான் பாடினார்கள். லாரி நார்மன் என்ற பாடகர் 1969இல் கேப்பிட்டல் நிறுவனம் வழியாக வெளியிட்ட ஆல்பத்தைத்தான் கிறிஸ்தவ ராக்கின் முதல் ஆல்பம் என்று பலரும் கணக்கில் வைப்பார்கள். 1972 ஜூனில் டல்லஸ் நகரில் எக்ஸ்ப்ளோ '72 என்ற பெரிய மாநாடு நடந்தது. புகழ்பெற்ற சுவிசேஷகர் பில்லி கிரஹாம் பேசினார், கன்ட்ரி இசைப் பாடகர் ஜானி கேஷும் நார்மனும் பாடினார்கள். சபைகளின் பெரிய தலைகள் இந்த இசைக்குப் பக்கத்தில் வெளிப்படையாக வந்து நின்றது அங்கேதான்.

நார்மன் எதைப் பற்றிப் பாடினார் என்பதைக் கவனிக்க வேண்டும். வியட்நாம் போர், போதை, பால்வினை நோய், நிலவுக்கு ஆள் அனுப்பும் நாட்டில் பசியோடு கிடக்கும் பிள்ளைகள். கேட்பவரை ஆறுதல்படுத்தும் பாட்டுகள் அல்ல அவை. பல கிறிஸ்தவக் கடைகள் அவருடைய இசைத்தட்டுகளை வைக்கவே மறுத்தன. எதிர்ப்பு எண்பதுகள் வரை ஓயவில்லை. மஞ்சளும் கறுப்புமாக வரிபோட்ட உடையில் மெட்டல் வாசித்து, கூட்டத்துக்குள் புதிய ஏற்பாட்டுப் பிரதிகளை எறிந்த ஸ்டிரைப்பர் குழுவின் 1986ஆம் ஆண்டு ஆல்பம் பத்து லட்சம் பிரதிகள் தாண்டியது. அதே சமயம் தொலைக்காட்சிப் பிரசங்கி ஜிம்மி ஸ்வாகார்ட் இந்த இசையே பிசாசினுடையது என்ற ரீதியில் கண்டித்துக்கொண்டிருந்தார். அப்போது ராக் ஆதரவாளர்கள் மேடைக்கு மேடை சொன்ன ஒரு கதை உண்டு: மார்ட்டின் லூத்தரே சாராயக்கடை மெட்டுகளை எடுத்துத்தான் கோயிலில் பாட வைத்தாராம். அதற்கு ஆதாரம் கிடையாது, இசை வரலாற்றாளர்கள் அதை எப்போதோ தள்ளிவிட்டார்கள். உண்மையான உதாரணம் வேண்டுமென்றால் நம் ஊரிலேயே இருக்கிறது. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) கோயில் திருவிழாக்களில் ஆடிப் பாடப்பட்ட குறவஞ்சி வடிவத்தை எடுத்து 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதினார். மக்களிடம் புழங்கும் இசை எதுவோ அதில் பாடுவது என்பது அமெரிக்கர்கள் கண்டுபிடித்த விஷயம் இல்லை.

சரி, வியாபாரம் எப்போது நுழைந்தது? என் கணிப்பில் விடை கடைகளில் இருக்கிறது. எழுபதுகளில் தொடங்கி எண்பதுகளில் ஊருக்கு ஊர் கிறிஸ்தவப் புத்தகக் கடைகள் பெருகின. 1978இல் 'சிசிஎம்' என்ற கிறிஸ்தவ இசைப் பத்திரிகை வந்தது. வானொலி நிலையங்கள் வந்தன. 1992இல் ஸ்பாரோ என்ற கிறிஸ்தவ இசை நிறுவனத்தை இஎம்ஐ என்ற பெரிய இசைத்தட்டு நிறுவனம் வாங்கியது. 1995 முதல் கிறிஸ்தவக் கடைகளின் விற்பனையும் பில்போர்டு பத்திரிகையின் விற்பனைப் பட்டியல் கணக்கில் சேர ஆரம்பித்தது. அந்த ஆண்டு நவம்பரில் வந்த டிசி டாக் குழுவின் 'ஜீசஸ் ஃப்ரீக்' நேராகப் பொதுப் பட்டியலின் 16ஆம் இடத்தில் போய் உட்கார்ந்தபோது நாஷ்வில்லில் இருந்த இசை நிறுவனங்கள் எல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தன.

அந்தக் கடைகளுக்குள் நீங்கள் போயிருந்தால் நான் சொல்வது உடனே புரியும். வாசலில் பிறந்தநாள் அட்டைகள், வசனம் அச்சடித்த காபிக் கோப்பைகள். அதற்கடுத்து தோல் உறைபோட்ட வேதாகமங்கள், ஞாயிறு பள்ளிப் பாடப் புத்தகங்கள். கடைசியில் ஒரு சுவர் முழுக்க கேசட்டும் சிடியும். அந்தச் சுவரில் ஓர் அட்டவணை ஒட்டியிருப்பார்கள்: உங்கள் பிள்ளைக்கு இன்ன உலகக் குழு, அதாவது மதம் சாராத குழு, பிடிக்குமென்றால் அதற்கு ஈடாக இந்தக் கிறிஸ்தவக் குழுவை வாங்கிக் கொடுங்கள் என்று. வாங்குகிறவர் பாட்டைக் கேட்கும் பையன் அல்ல, அவனுடைய அம்மா. வானொலிக்காரர்கள் தங்கள் நேயருக்கு 'பெக்கி' என்று ஒரு பெயரே வைத்திருந்தார்கள். முப்பதுகளில் இருக்கும், பிள்ளைகளைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு வேன் ஓட்டும் தாய்தான் பெக்கி. ஒரு பாட்டு ஒலிபரப்பாகுமா இல்லையா என்பதை அவள் மனம் நோகுமா என்பதே தீர்மானித்தது. ஒரு பாட்டில் நிமிடத்துக்கு எத்தனை முறை இயேசுவின் பெயர் வருகிறது என்று எண்ணும் வழக்கம் அந்தத் தொழிலில் இருந்தது. அதைப் பாடலாசிரியர்கள் என்னிடம் வேடிக்கையாகச் சொல்லத் தொடங்கி, பாதியில் முகம் வாடியதைப் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கட்டமைப்புதான் பாட்டுகளின் உள்ளடக்கத்தைச் செதுக்கியது என்று நான் உறுதியாகச் சொல்வேன். பாடுகிறவன் கெட்டவன் என்றோ பொய்யன் என்றோ இதற்கு அர்த்தமில்லை. விவாகரத்தைப் பற்றியும் கடவுள் மௌனமாக இருப்பதைப் பற்றியும் எழுதிய பாட்டுகள் ஆல்பத்தின் கடைசியில் ஒளிந்துகொண்டன. ஜெயம், சமாதானம், ஆசீர்வாதம் என்று பாடியவை வானொலிக்குப் போயின. பத்து ஆண்டுகள் இப்படியே நடந்தால் எழுதுகிறவனே தன்னை முன்கூட்டித் தணிக்கை செய்துகொள்வான்.

ஒரு கச்சேரி எப்படி இருக்கும் என்று பலர் என்னிடம் கேட்டதுண்டு. பெரிய அரங்குகளை விடுங்கள். சாதாரணமாக நடப்பது ஒரு சபையின் கூடைப்பந்து மைதானத்தில். தரையில் கோடுகள் அப்படியே இருக்கும், அதன் மேல் மடக்கு நாற்காலிகள். வாசலில் டிக்கெட் கிழிப்பவர்கள் சபை வாலிபர்கள். கதவு திறக்கும் முன் வாலிபர் ஊழியர் எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்து, கைகோத்து ஜெபிப்பார். சவுண்ட் ஆள், லாரி டிரைவர், டிரம் வாசிப்பவர் எல்லோரும் அந்த வட்டத்தில் இருப்பார்கள், பத்திரிகைக்காரனையும் சேர்த்துக்கொள்வார்கள். மேடைக்குப் பின்னால் பீட்சாவும் சோடாவும், மது கிடையாது. கச்சேரி தொடங்கினால் சத்தத்தில் எந்தக் குறையும் இருக்காது. முன்வரிசைப் பிள்ளைகள் குதிப்பார்கள், பின்வரிசையில் பெற்றோர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கடைசிக்கு முந்தின பாட்டில் கிடார் மட்டும் மெதுவாக ஒலிக்க, பாடகர் தன் சாட்சியை, அதாவது தான் நம்பிக்கைக்கு வந்த கதையைச் சொல்லி, தங்களை இயேசுவுக்கு ஒப்புக்கொடுக்க விரும்புகிறவர்கள் முன்னே வாருங்கள் என்று அழைப்பார்.

அந்த மாலையின் நடுவில் ஓர் இடைவேளை வரும். குழுவின் தலைவர் மைக்கைப் பிடித்து, தொலைதூர நாட்டில் தான் சந்தித்த ஓர் ஏழைக் குழந்தையைப் பற்றிச் சொல்வார். பிறகு வாலிபர்கள் வரிசை வரிசையாக உறைகளை விநியோகிப்பார்கள். மாதம் இவ்வளவு டாலர் என்று ஏற்றுக்கொண்டால் அந்தக் குழந்தையின் படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் போகும். கம்பாஷன் இன்டர்நேஷனல், வேர்ல்டு விஷன் போன்ற அமைப்புகள் இப்படித்தான் கச்சேரிகளில் ஆதரவாளர்களைச் சேர்த்தன, பல சுற்றுப்பயணங்களின் செலவிலும் அவை பங்கேற்றன. ஒருநாள் ராக்ஃபோர்ட் பக்கம் ஒரு சபையில் என் கைக்கு வந்த உறையைத் திருப்பினால், எண்ணெய் வைத்து வழித்துச் சீவிய தலையோடு ஒரு பையன், கீழே ஊர் தமிழ்நாடு என்று போட்டிருந்தது. எண்ணெய்த் தலையும் கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையுமாக, எங்கள் தெரு ஸ்டுடியோவில் எடுத்த பள்ளிக்கூட போட்டோ மாதிரியே இருந்தது. பக்கத்தில் இருந்த ஒரு பாட்டியம்மா அதை என்னிடமிருந்து வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்து, இந்தப் பையனை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று படிவத்தை நிரப்பினார்.

அன்றைக்கு எனக்கு இரண்டு எண்ணமும் சேர்ந்தே இருந்தன. ஏழைப் பிள்ளையின் படம் ஒரு ராக் கச்சேரியின் இடைவேளையில் கைமாறுவது எனக்கு உறுத்தியது, இன்றும் உறுத்துகிறது. ஆனால் அந்தப் பாட்டியம்மா மாதாமாதம் அனுப்பியிருக்கக்கூடிய பணத்தில் எங்கோ ஒரு வீட்டில் ஒரு பையன் பள்ளிக்குப் போயிருப்பான். வெளிநாட்டு நிதி விதிமுறைகள் காரணமாக 2017 மார்ச்சில் கம்பாஷன் இந்தியாவில் வேலையை நிறுத்தியபோது, அதன் திட்டங்களில் இருந்த இந்தியக் குழந்தைகள் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேல். அவர்களில் கணிசமான பேருக்கு ஆதரவாளர் கிடைத்தது இப்படிப்பட்ட மைதானங்களில்தான் இருக்கும். நம்பிக்கையா வியாபாரமா என்று கேட்கும்போது இந்த உறையையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கத்தி வைத்து வெட்டிப் பிரிக்க முடியாது.

ஆனாலும் சிலரைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை, காரணம் பணம் வந்தபோது அவர்கள் என்ன செய்தார்கள் என்பது பதிவில் இருக்கிறது. பாடகர் கீத் கிரீன் புகழின் உச்சியில் இருந்தபோது ஸ்பாரோ நிறுவனத்திலிருந்து விலகினார். ஊழியத்துக்கு விலை வைக்கக் கூடாது என்று சொல்லி, 1980இல் வந்த ஆல்பத்தை முடிந்ததைக் கொடுங்கள் என்று தபாலில் அனுப்பினார். பணமே இல்லாதவர்களுக்கும் அனுப்பினார். பாப் டிலன் ஹார்மோனிகா வாசித்த ஆல்பம் அது. 1982 ஜூலையில் டெக்ஸாஸில் சிறு விமானம் விழுந்து, தன் இரண்டு குழந்தைகளோடு இறந்தபோது அவருக்கு 28 வயது. அடுத்தவர் ரிச் மல்லின்ஸ். அமெரிக்கச் சபைகள் எல்லாம் பாடிக்கொண்டிருந்த பாட்டுகளை எழுதியவர். தன் வருமானம் எவ்வளவு என்று தனக்கே தெரிய வேண்டாம் என்று அதை முழுக்கச் சபை மூப்பர்களிடம் விட்டுவிட்டார். ஒரு சராசரி அமெரிக்கத் தொழிலாளியின் சம்பளத்தை மட்டும் அவர்கள் அவருக்குக் கொடுத்தார்கள், மீதி தர்மத்துக்குப் போனது. கடைசி ஆண்டுகளில் நியூ மெக்ஸிகோவில் நவாஹோ பழங்குடி மக்களிடையே போய்க் குடியிருந்து பிள்ளைகளுக்கு இசை சொல்லிக் கொடுத்தார். 1997 செப்டம்பரில் எங்கள் இல்லினாய் நெடுஞ்சாலை ஒன்றில் ஜீப் கவிழ்ந்து இறந்தார். ஒரு மனிதனின் உள்ளத்தை என்னால் பார்க்க முடியாது. அவன் எதை வேண்டாம் என்று சொன்னான் என்பதைப் பார்க்க முடியும். பேட்டிகளில் நான் கற்றுக்கொண்ட ஒரே உரைகல் இதுதான்.

இதற்கு அடுத்த படிதான் கஷ்டம். ஒருவர் உண்மையானவர் என்பதால் அவருடைய பாட்டு நல்ல பாட்டு ஆகிவிடாது. நான் சந்தித்த மிக நல்ல மனிதர்கள் சிலரின் இசை சப்பென்று இருந்தது. கேட்டுப் பழகிய மூன்று கிடார் சுரக்கூட்டுகளையே திரும்பத் திரும்ப வாசித்து, எந்த உலகக் குழு அந்த ஆண்டு பிரபலமோ அதன் சாயலை அப்படியே எடுத்து, வரிகளை மட்டும் மாற்றினார்கள். அதை எழுதினால் கடிதங்கள் வரும்: கர்த்தருடைய ஊழியத்தைக் குறை சொல்ல நீ யார்? இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொண்டதில்லை. ஆனால் என் பதில் எப்போதும் ஒன்றுதான். பாளையங்கோட்டையில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கொயர் மாஸ்டர் எங்களை நிறுத்தி வைத்து, பாமாலையின் மூன்றாம் கண்ணியில் டெனர் சுருதி இறங்கியதற்கு நன்றாகவே திட்டுவார். ஐயரும் (போதகரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்பார். அது தேவதூஷணம் என்று ஒருவரும் நினைக்கவில்லை. கடவுளுக்குப் பாடுவதால் கவனம் கூட வேண்டுமே ஒழியக் குறையக் கூடாது. பக்தியைச் சொல்லி இசையின் குறைக்கு மன்னிப்புக் கேட்பது இரண்டுக்குமே மரியாதை இல்லை.

அப்படியென்றால் நல்ல பாட்டு எங்கே கிடைத்தது? எனக்குப் பெரும்பாலும் கார்னர்ஸ்டோன் திருவிழாவில் கிடைத்தது. சிகாகோவில் கூட்டுவாழ்க்கை நடத்திய ஜீசஸ் பீப்பிள் யுஎஸ்ஏ என்ற சமூகம் 1984இல் தொடங்கியது அது. 1991 முதல் மேற்கு இல்லினாயில் புஷ்நெல் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், சோளக்காட்டு நடுவே ஒரு பண்ணையில் நடந்தது. ஜூலை முதல் வாரம், கொளுத்தும் வெயில். மழை பெய்தால் முழங்கால் சேறு, பெய்யாவிட்டால் புழுதி. உச்ச காலத்தில் இருபதாயிரம் பேர் வரை கூடாரம் அடித்துத் தங்கினார்கள். பெரிய மேடைகளைவிட எனக்குப் பிடித்தவை ஜெனரேட்டர் மேடைகள். அழைப்பு இல்லாத சின்னக் குழுக்கள் சொந்தமாக ஜெனரேட்டர் கொண்டுவந்து, பாதை ஓரத்தில் ஒரு பலகையைப் போட்டு வாசிப்பார்கள். பத்தடி தள்ளி இன்னொரு குழு. நடந்து போனால் ஒரு காதில் ஹார்ட்கோர், மறு காதில் பாஞ்சோ. காதுக்குப் பிடித்த இடத்தில் ஆள் நிற்பார், பிடிக்காவிட்டால் நகர்வார். அங்கே பெக்கி இல்லை, கடைச் சுவர் இல்லை. அதனால் பாட்டில் எல்லாமே வந்தது.

நடத்தியவர்களும் அதற்கேற்ற ஆட்கள். அந்தச் சமூகத்தின் சொந்தக் குழுவான ரெசரக்‌ஷன் பேண்ட், பெரும்பாலான கிறிஸ்தவக் குழுக்கள் வாயைத் திறக்காத 1979இலேயே தென்னாப்பிரிக்க நிறவெறியைக் கண்டித்துப் பாடியது. அதே காலத்தின் இன்னொரு பாடகர் ஸ்டீவ் டெய்லர், கலப்பு இனக் காதலைத் தடைசெய்திருந்த பாப் ஜோன்ஸ் என்ற கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தை 1984இல் பாட்டிலேயே சாடினார். அந்தத் தடை 2000ஆம் ஆண்டுதான் நீங்கியது. சங்கீத புத்தகத்தில் இருக்கும் 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புலம்பல்கள். ஏன் கைவிட்டீர், எதுவரைக்கும் மறந்திருப்பீர் என்று கடவுளிடமே சண்டை போடுபவை. வானொலியில் ஓடிய கிறிஸ்தவ இசையில் அந்தப் பங்கு ஏறக்குறைய இல்லை. கார்னர்ஸ்டோனில் இருந்தது. அந்த வகையில் மிகச் சிறந்தவர் என்று நான் நினைப்பவர் மார்க் ஹெர்ட். கடன் வாங்கித் தன் வீட்டு ஸ்டுடியோவிலேயே ஆல்பம் போட்டு, சில ஆயிரம் பேருக்காக எழுதியவர். 1992 ஜூலை 4 அன்று கார்னர்ஸ்டோன் மேடையில் பாடிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பு வந்தது. பாட்டை முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆகஸ்ட் 16 அன்று 40 வயதில் காலமானார். அவருடைய கடைசி மூன்று ஆல்பங்களை மட்டும் கேட்டால் போதும், இந்த வகை இசையால் எவ்வளவு தூரம் போக முடியும் என்று தெரியும்.

டேவிட் பஸான் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். பெட்ரோ தி லயன் என்ற பெயரில் பாடிய இவரைக் கேட்டு வளர்ந்த கிறிஸ்தவ இளைஞர்கள் ஏராளம். பிறகு அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. அதை மறைக்காமல் அதைப் பற்றியே ஓர் ஆல்பம் எழுதினார். அது வெளிவந்த 2009ஆம் ஆண்டு கோடையில் கார்னர்ஸ்டோனுக்கு வந்து அந்தப் பாட்டுகளை அந்தக் கூட்டத்தின் முன்னாலேயே பாடினார். கூடாரம் நிரம்பி வழிந்தது. விசுவாசிகள், நான் விசுவாசி இல்லை என்று பாடும் ஒருவரை உட்கார்ந்து கவனித்துக் கேட்டார்கள். நேர்மை என்று நீங்கள் தேடுவது இதுதான் என்றால், அதை மேடையில் மட்டும் தேடக் கூடாது. கேட்பவர்களிடமும் அது வேண்டும்.

எல்லா இடத்திலும் அந்தப் பொறுமை இருக்கவில்லை. கிறிஸ்தவப் பாடகி எமி கிராண்ட் 1991இல் தன் கைக்குழந்தையைப் பார்த்து எழுதிய ஒரு பாட்டு பொதுப் பட்டியலில் முதலிடம் பிடித்தபோது, அதன் வீடியோவில் ஓர் ஆண் மாடலோடு சிரித்துப் பேசினார் என்பதற்காகவே சபைகளில் முணுமுணுப்பு எழுந்தது. 1999இல் அவருடைய மண வாழ்க்கை முறிந்தபோது சில கிறிஸ்தவ வானொலிகள் அவர் பாட்டுகளை நிறுத்தின. 2010இல் இன்னொரு பாடகி ஜெனிஃபர் நாப், தான் ஒரு பெண்ணோடு வாழ்வதை வெளிப்படையாகச் சொன்னதும் லாரி கிங்கின் தொலைக்காட்சிப் பேட்டி நிகழ்ச்சியில் ஒரு போதகரை எதிரே உட்கார வைத்து அவரை வாதாட வைத்தார்கள். இவை பகிரங்கமானவை. பகிரங்கமாகாதவையும் உண்டு. ஒரு பத்திரிகைக்கு நான் எழுதிய கட்டுரையில், ஒரு குழுவின் டிரம் கலைஞர் மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பதைத் தானே சொல்லி, போடுங்கள் என்று கேட்டுக்கொண்ட பத்தி இருந்தது. அச்சில் அது இல்லை. விளம்பரம் தரும் நிறுவனத்துக்குப் பிடிக்காது என்றார்கள். கிறிஸ்தவ இசைப் பத்திரிகைகளில் வந்ததை மட்டும் படித்து அந்த உலகத்தை எடைபோடாதீர்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இனி, உறுதியாகச் சொல்ல முடியாதவை. ஒப்புக்கொடுக்க முன்னே வந்தவர்கள் எத்தனை பேர் என்று அமைப்பாளர்கள் இரவே எண்ணிக்கை சொல்வார்கள். அடுத்த ஆண்டு அவர்களில் எத்தனை பேர் சபையில் இருந்தார்கள் என்பதை எந்த நிருபரும் அந்த இரவில் அறிய முடியாது. அதனால் யார் சொன்ன எண் என்று குறிப்பிடாமல் நான் அதை அச்சில் ஏற்றியதில்லை. இன்னொன்று கண்ணீர். ஒரு பாடகர் ஓர் ஊரில் தன் சாட்சியைச் சொல்லும்போது எந்த வரியில் குரல் உடைந்தாரோ, அடுத்த ஊரிலும் அதே வரியில் உடைந்தார். நடிப்பு என்று உடனே எழுதிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஐயர் ஞாயிறுதோறும் அதே ஜெப வார்த்தைகளை அதே ஏற்ற இறக்கத்தோடுதான் சொல்கிறார், ஓதுவார் அதே பதிகத்தில் அதே இடத்தில் நெகிழ்கிறார். திரும்பச் செய்வதால் ஒன்று பொய்யாகிவிடாது. ஆனால் அந்த நெகிழ்ச்சிக்கு அடுத்த நிமிடமே டிஷர்ட் விற்பனையை அறிவித்தால், அதை எழுதத்தான் வேண்டும், எழுதினேன்.

நான் சொன்ன உலகத்தில் பெரும்பகுதி இப்போது இல்லை. 'சிசிஎம்' 2008இல் அச்சை நிறுத்தியது, கார்னர்ஸ்டோன் 2012இல் முடிந்தது, ஃபேமிலி கிறிஸ்டியன் என்ற பெரிய கடைச் சங்கிலி 2017இல் மூடிற்று. அந்த இடத்துக்கு ஆராதனைப் பாட்டுகள் வந்துவிட்டன. பெரிய சபைகளே குழு வைத்து, பாட்டு எழுதி, உலகம் முழுக்க மற்றச் சபைகள் பாடும்போது உரிமத் தொகை பெறுகின்றன. சென்னையிலும் தூத்துக்குடியிலும் உங்கள் சபையில் திரையில் ஓடும் ஆங்கிலப் பாட்டுகளில் பல அப்படி வந்தவைதான். முன்பு ஒரு குழு பாடியது, கூட்டம் கேட்டது. இப்போது கூட்டமே பாடுகிறது, அதனால் விமர்சனம் எழுதுவது இன்னும் கடினம். எல்லோரும் கண்ணை மூடிக் கை உயர்த்தி நிற்கும் இடத்தில் நோட்டுப் புத்தகத்தோடு நிற்பவன் ஒற்றன் மாதிரித் தெரிவான். அப்படியும் யாராவது அந்த வேலையைச் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். கோடிக்கணக்கான பேர் வாரந்தோறும் பாடும் பாட்டில் புலம்பலுக்கு இடம் இருக்கிறதா என்று யாரும் கேட்காமலே இருக்கக் கூடாது.

நீங்களே ஒரு கச்சேரிக்குப் போய்த் தெரிந்துகொள்ள விரும்பினால் ஒரு வழி சொல்கிறேன். டிக்கெட்டைச் சொந்தக் காசில் வாங்குங்கள். முன்னணிப் பாடகரிடம் போகாதீர்கள், எந்தக் கேள்விக்கும் அவரிடம் பலமுறை சொல்லிப் பழகிய பதில் இருக்கும். கச்சேரி முடிந்து எல்லோரும் போனபிறகு, கேபிள்களைச் சுற்றிக்கொண்டிருக்கும் சவுண்ட் ஆளிடம் போங்கள். அவருக்குச் சம்பளம் நேரத்துக்கு வருகிறதா, சுற்றுப்பயணத்தின்போது வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் போகவிடுகிறார்களா, வண்டிக்குள் மைக் இல்லாதபோது இவர்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள். அதற்கப்புறம் ஆல்பத்தை வீட்டில் தனியாக, வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை கேளுங்கள்.